எங்கள் மாடிப்படியைப் பற்றி நாடாளுமன்றத்தில்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு நாள் மாநகராட்சி ஆட்கள் வந்து தகரப் பலகை ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். 'ஆபத்தான வீடு' என்று வங்காள மொழியில் எழுதியிருந்தது. மறுநாளே யாரோ அதன்மேல் கணக்கு ட்யூஷன் விளம்பரம் ஒட்டினார்கள். அதைக் கிழிக்க எங்களில் யாரும் மெனக்கெடவில்லை.

ஆபத்து என்றால் காலி செய்ய வேண்டியதுதானே என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இதே நகரத்தின் மறுகோடியில், சால்ட் லேக்கில் ஃபிளாட் வைத்திருக்கும் எங்கள் மகனும் அதையேதான் கேட்டான். அவர்களுக்கு என்ன தெரியும்? என் மாமனார் வேலைக்கு வந்த காலத்தில் பிடித்த வாடகை வீடு அது. பழைய வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் நாமாக வெளியே போனால் முடிந்தது கதை. வீட்டுச் சொந்தக்காரர் பூட்டை மாற்றிவிடுவார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று அவர் எங்கள் சாவுக்கோ எங்கள் பயணத்துக்கோ காத்திருந்தார். அதனால் அந்த வீட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வழக்கம், எப்போதும் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். என் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கணவரை வீட்டில் விட்டுவிட்டு நான் தனியாகப் போய் இறங்கினேன். உனக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா என்று மண்டபம் முழுக்கக் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டைக் காவல் காக்கிறார் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

எங்களுக்கு நேர் மேலே பௌதி இருந்தார். இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; உறவு இல்லாவிட்டாலும் கூப்பிடுவார்கள். அவர் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து, படுத்த படுக்கையாகி, பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் ஸ்பூனால் எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டுவார். அந்தச் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். அவரைக் கீழே இறக்க வேண்டுமானால் நான்கு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். படியோ ஒரு ஆள் ஏறினாலே முனகும். பௌதிக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: யாராவது அந்தப் படிக்கு முட்டுக் கொடுத்து, கணவருக்கு மூச்சு உள்ள வரை அது நிற்கும்படி செய்துவிட வேண்டும்.

அப்போதுதான் அந்த எம்.பி. எங்கள் சந்துக்கு வந்தார். எங்கள் தொகுதிக்காரர்கூட அல்ல, மேலவை உறுப்பினர். தெருமுனைக் கிளப்பின் ரத்த தான முகாமைத் தொடங்கிவைக்க வந்தவர். பௌதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து, "வாங்க, என் வீட்டைப் பாருங்க" என்று இழுத்து வந்துவிட்டார். மனிதர் மறுக்கவில்லை. படி ஏறினார். நடுவில் ஒரு கல் ஆடியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் ஏறினார். எனக்கு அரசியல்வாதிகளைக் கண்டாலே ஆகாது. அவரைக் குறை சொல்ல மட்டும் இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே கேள்வியும் கேட்டார். எங்கள் வீட்டு டிவி முன்னால் கட்டடமே கூடியிருந்தது. யாரோ சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்துவிட்டார்கள். குழாயில் சாக்கடை நாற்றத்தோடு வரும் தண்ணீர், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள், பழைய வீடுகள் என்று வரிசையாகக் கேட்டவர், "நானே ஒரு படியில் ஏறிப் பார்த்தேன்" என்றார். என் வீட்டுக்காரர் கைதட்டினார். "பாத்தியா, நம்ம படி டெல்லி வரைக்கும் போயிடுச்சு!"

அமைச்சர் எழுந்தார். கட்டடங்கள் மாநிலத்தின் பொறுப்பு, விவரங்கள் கேட்டுப் பெறப்படும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எம்.பி. மறுபடி எழுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் வங்கியில் வேலை பார்த்தவள். இந்தப் பதிலைக் கவுண்டருக்கு உள்ளே இருந்து எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் பௌதிக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லோரும் சந்தேஷ் சாப்பிடுவதைப் பார்த்து நல்ல பதில் என்றே நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டெல்லியில் கேட்டதற்கு இங்கே ஏதோ அசைந்தது என்னவோ உண்மை. கட்டடத்தைப் பார்க்க ஒரு இன்ஜினியர் வருவார் என்று எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உடனே எல்லோரும் சேர்ந்து செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளையடித்தார்கள்! பூஜைக்கு அடிப்பதுபோல, முகப்பு முழுக்க. விரிசல்களில் சிமெண்டைக் குழைத்து அப்பினார்கள்.

"டாக்டர் வர்றாருன்னா நோயாளிக்குப் பவுடர் பூசி உட்கார வைப்பீங்களா?" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு. ரொம்ப மோசமாத் தெரிஞ்சா எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடுவான். ஒண்ணுமே தெரியலைன்னா ரிப்பேர் பண்ண மாட்டான். நடுவாந்தரமா தெரியணும். அதுக்குத்தான் படியை அப்படியே விட்டிருக்கோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நடுவாந்தரமான ஆபத்து! வாடகைக்கு இருந்து இருந்து மூளை இப்படித்தான் ஆகிவிடும். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

இன்ஜினியர் வந்தார். டீ குடித்தார். முகப்பை அண்ணாந்து பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்களே" என்றார். பௌதி அவரைப் படிப் பக்கம் அழைத்துப் போனார். இன்ஜினியர் முதல் படியில் கால் வைத்தார். அது அசைந்ததும் காலை எடுத்துக்கொண்டார். "மேலே வேண்டாம். இங்கிருந்தே தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நாளில் மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் இருந்த ஆபத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வெளியேற்றப் போவதில்லை என்று வீடே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. பௌதி காளியைக் கும்பிட்டுவிட்டு எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஆண்டு மழை வலுத்துப் பெய்தது. ஒரு பிற்பகல் பௌதி பால் வாங்கக் கீழே வந்திருந்தார். தெருவில் தண்ணீர் தேங்கியிருந்ததால் என் அறைக்கதவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது படி விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டை சரிவதுபோல. புழுதி அடங்கியபோது மேல்மாடிக்கும் எங்களுக்கும் நடுவே வெறும் ஓட்டை மட்டும் இருந்தது.

எல்லோரும் சந்துக்கு ஓடினோம். தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் நுழையாது. ஆட்கள் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தார்கள். மேலே கிண்ணத்தைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்குப் பயம், பௌதியைக் கூப்பிடுகிறார். பௌதி கீழே நின்று, "இங்கதான் இருக்கேன், இதோ வந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏணியை எங்கே சாய்ப்பது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. அதன் பிறகு கிண்ணச் சத்தம் இல்லை. மழைச் சத்தம்தான்.

பௌதி சாந்த்ராகாச்சியில் ரயில் யார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். நாங்கள் மகன் வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் இப்போது யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அவரைத் திட்ட எனக்கும் தெம்பு இல்லை.

எம்.பி. விடவில்லை. அடுத்த கூட்டத்தொடரிலும் எழுந்தார். அந்த வீடியோவை அவருடைய அலுவலகம் எனக்கு அனுப்பியது. போனை எடுத்துக்கொண்டு சாந்த்ராகாச்சி போனேன். பௌதி கட்டிலில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்து, கணவர் இறந்ததை ஒருவர் அத்தனை பெரிய சபையில் சொல்வதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு அமைச்சர் ஆங்கிலத்தில் பதில் படித்தார். மாநிலத்திலிருந்து வந்த தகவலின்படி அந்தக் கட்டடம் ஆபத்தான கட்டடங்களில் ஒன்றல்ல. முறையாக ஆய்வு செய்யப்பட்டு, குடியிருக்கத் தகுந்தது என்று கண்டறியப்பட்டது.

"தீதி, என்ன சொல்றார்?" என்று பௌதி கேட்டார்.

முன்பு ஒருமுறை சொல்லாமல் விட்டிருந்தேன். இந்த முறை சொன்னேன். "நம்ம வீடு நல்லா இருக்கு, அதுல குடியிருக்கலாம்னு சொல்றார்."

அவர் அழுவார், சபிப்பார் என்று நினைத்தேன். அவரோ தங்கையின் மருமகள் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அப்போ நான் திரும்பிப் போகலாமா, தீதி?"

வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் வாசலைத் தகரத்தால் அடைத்துப் புதுப் பூட்டுப் போட்டிருப்பதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.