ஆம், பதினொரு தோசை

மூன்று மணிக்கு முனிசிபல் ஆபீஸ் வாசலில் இருந்தவர்கள்: நான், ஒரு தூக்கு நிறைய தோசைமாவோடு செல்வி அக்கா, கையில் டேப்போடு சுகாதார ஆய்வாளர், தன் கரும்பு ஜூஸ் வண்டியோடு குமரேசன். வராதவர் ஏழுமலை மாமா. வராதது எங்கள் தோசை வண்டி. ஆய்வு அந்த வண்டிக்குத்தான்.

ஆபீஸ் போர்டில் மாநகராட்சி என்று மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் முனிசிபல் ஆபீஸ்தான்.

தெருவில் உணவு வண்டி போட நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு இந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம். வண்டி, குட்டி யானை என்று சொல்வோமே, அந்த வகை மினி லாரி. செல்வி அக்கா முதலாளி, அவர்தான் தோசை ஊற்றுவார். அவர் கணவர் ஏழுமலை மாமா ஓட்டுவார். வெங்காயம் நறுக்குவதும் காகிதம் எழுதுவதும் என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்; பி.காம். வரை போனேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே என் அம்மா தெருவில் எல்லோரிடமும் "எம் புள்ள முனிசிபல் ஆபீஸ்ல இருக்கறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். இல்லையம்மா, லைசென்ஸ் விஷயமாகப் போய் வருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன்.

"தெனம் காலைல போற, சாயங்காலம் வர்ற. அப்புறம் இன்னா?" என்றார்.

இருபத்தேழு லட்சம்

அதுவரை ஒரு லாட்ஜ் வளாகத்துக்குள் நின்று வியாபாரம் செய்தோம். லாட்ஜை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் தெருவுக்கு வர வேண்டியதாயிற்று. வரும் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நிற்பதற்கு விண்ணப்பம் வாங்கினேன். ஐந்தாவது பத்தியில் "வியாபாரம் செய்யும் இடம், பரப்பளவு" என்று இருந்தது.

மாமாவிடம் கேட்டேன். "கூட்டம் எங்க ஜாஸ்தியோ அங்க நிப்போம். அங்க கம்மியானா வேற எடம்" என்றார்.

உண்மையை எழுத வேண்டும் என்று நினைப்பவன் நான். "கிரிவலப் பாதை முழுவதும்" என்று எழுதினேன். பதினான்கு கிலோமீட்டரை அடியாக்கி, வண்டியின் ஆறடி அகலத்தால் பெருக்கி, இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சதுர அடி என்று போட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

கவுன்ட்டர் மேடம் அதைப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார்.

"சதுர அடிக்குப் பத்து ரூபா. இருபத்தேழு லட்சத்து அம்பத்தஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. இது ஒரு நாளைக்கு. நீங்க ரெண்டு நாள் கேட்டிருக்கீங்க. டபுளா போட்டுடட்டுமா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற குமரேசன் எட்டிப் பார்த்தார். "மலையவும் சேத்து எழுதிக்குங்க மேடம். மொத்தமா எடுக்கறாங்கல்ல, ரேட்ட கம்மி பண்ணி குடுங்க" என்றார்.

வண்டி நிற்கிற இடத்தை மட்டும் எழுதினால் போதும் என்று மேடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அடி அண்ணாமலையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து இடம் என்று எழுதினேன். நடக்கிறவர்கள் பாதி வழி வந்து, பசியும் தாகமும் எடுத்து நிற்கிற இடம் அது.

இங்கே என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எதை எழுதினாலும் நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் எழுதுவேன். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரேஷன் கார்டு முதல் மாத்திரை அட்டை வரை படித்துக் காட்டிப் பழகிய வாய். குமரேசன் கேட்டுக்கொண்டே இருந்து, தன் விண்ணப்பத்திலும் அதே குழாயை எழுதிவிட்டார்.

மேடம் விதியைச் சொன்னார். முதலில் கொடுத்த எங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆனால் ஆய்வு நாளன்று ஐந்து மணிக்குள் வண்டியைக் காட்டி, பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. ஆய்வு நாள், பௌர்ணமிக்கு முந்தைய நாள்.

வண்டியின் வேண்டுதல்

சிலிண்டரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆய்வு நாளன்று காலையில் மாமா வண்டியை, மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான எமலிங்கத்தைத் தாண்டி இருக்கும் வெல்டிங் கடையில் விட்டார். இரண்டரைக்கு வேலை முடிந்துவிடும். அங்கிருந்து ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். அதனால் ஆய்வாளரிடம் மூன்று மணி என்று சொல்லியிருந்தேன்.

கணக்கு சரி. ஆனால் வண்டியின் வேண்டுதலை மறந்துவிட்டேன்.

வண்டி வாங்கிய புதிதில் இன்ஜின் படுத்துவிட்டது. "இது மட்டும் ஓடிட்டா, மலைய வலமாத்தான் சுத்துவேன், ஒரு அடி கூட இடமா போவ மாட்டேன்" என்று மாமா வண்டியின் பேரில் வேண்டிக்கொண்டார். இன்ஜின் ஓடியது. அன்றிலிருந்து பின்னால் அரை கிலோமீட்டரில் டீசல் பங்க் இருந்தாலும் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஊரெல்லாம் இரண்டு பக்கமும் வண்டி ஓட்டுகிறது. எங்கள் வண்டி மட்டும் ஒரே பக்கம்.

எமலிங்கத்திலிருந்து ஆபீஸுக்கு இடமாக வந்தால் மூன்று கிலோமீட்டர். வலமாக வந்தால் பதினொன்று.

எந்த லிங்கம்?

மூன்று பத்துக்குப் போன் செய்தேன்.

"கெளம்பிட்டேன் மாப்ள. நிருதிலிங்கத்துல நிக்கறேன்."

"நிருதியா? மாமா, ஆபீஸ் இந்தாண்ட இருக்குது!"

"அதுக்கு? இடமா வரச் சொல்றியா? படிச்ச புள்ள பேசற பேச்சா இது?"

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றாரு?"

"வர்றாரு சார். நிருதிலிங்கம் வந்துட்டாரு."

"எமலிங்கத்துலருந்து இங்க வர்றதுக்கு நிருதிலிங்கம் எதுக்குய்யா?"

வேண்டுதலைச் சொன்னேன். அவரும் இந்த ஊர்க்காரர். கோபப்பட வாயைத் திறந்து, மலையை ஒரு தடவை பார்த்து, மூடிக்கொண்டார். "பதினோரு கிலோமீட்டர்தான? அர மணி நேரத்துல வந்துடுவாரு" என்றார்.

"ஒவ்வொரு லிங்கத்துலயும் எறங்கி கற்பூரம் ஏத்துவாரு சார்."

ஆய்வில் ஊற்றிக் காட்டக் கொண்டுவந்த மாவுத் தூக்கின் மூடியை அக்கா திறந்து பார்த்தார். வீட்டில் நாளைக்காக நாற்பது கிலோ அரிசி ஊறிக்கொண்டிருந்தது. இடம் போனால் அந்த மாவை வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. "சுத்திட்டு வரட்டும், வச்சிக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றரைக்கு வருணலிங்கம். ஆய்வாளர் உள்ளே போய் வேறு வேலை பார்த்தார். கால் மணிக்கு ஒருமுறை ஜன்னலில் தலையை நீட்டி, "எந்த லிங்கம்?" என்பார். நான் சொல்வேன். வீட்டு வரி கட்ட வரிசையில் நின்றவர்களுக்கும் கதை தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர் பணம் கட்டி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துகொண்டார். "வாயு வரட்டும், போலாம்" என்றார். அடி அண்ணாமலையில் ஆட்டுமந்தை மறித்து, நான்கு மணிக்குத்தான் வாயு வந்தது.

நான்கு பதினைந்துக்குக் குபேரலிங்கம். குமரேசன் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அங்க கொஞ்சம் ஜாஸ்தி நேரம் நிக்கச் சொல்லு தம்பி. இருபத்தேழு லட்சம் கேக்கணும்ல" என்றார்.

நூறு அடி

நான்கு நாற்பதுக்கு வண்டி தெருமுனையில் திரும்பியது. வரி கட்ட வந்தவர்கள் கைதட்டினார்கள். மாமா ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துத் தள்ளிக்கொண்டே வந்ததில், ஆபீஸ் கேட்டைத் தாண்டி நூறு அடி தள்ளிப் போய்த்தான் நிற்க முடிந்தது.

"ரிவர்ஸ் எடுங்க" என்றார் ஆய்வாளர்.

"அது ஆவாது சார்."

"கியர் ரிப்பேரா?"

"கியர் சூப்பரா இருக்குது சார். இந்தத் தெருவும் சுத்துல சேந்தது. பின்னால போனா இடமா போன கணக்கு." மாமா கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்றேன். ஒரு சுத்து சுத்தி வந்துடறேன்."

"யோவ்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பஸ் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "மொதல்ல கீழ எறங்கு. நாப்பது கிலோ ஊற வச்சிட்டு வந்து நிக்கறேன், உனக்கு இன்னொரு சுத்து கேக்குதா?"

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேணாம்மா, சண்ட போடாதீங்க. வண்டி வராது, நான் வர்றேன்" என்று டேப்போடு நடந்தார். அவர் பின்னால் கோப்போடு நான், தூக்கோடு அக்கா. பின்னாலேயே வரி வரிசை முழுதும் வந்தது.

வண்டி பத்தடிக்கு ஆறடி. பக்கவாட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தினால் இன்னும் மூன்றடி. தொண்ணூறு சதுர அடி என்று குறித்துக்கொண்டார். "அடுப்பப் பத்த வச்சிக் காட்டுங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து கூண்டையும் தண்ணீர் டேங்க்கையும் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். தீ சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தோசை ஊற்றினார். பொடி தூவி நெய் விட்டார். ஒன்றரை மணி நேரமாக லிங்கம் லிங்கமாகக் காத்திருந்த ஜனத்துக்கு அந்த வாசனை போதும். வாயுலிங்கத்துக்குக் காத்திருந்த பெரியவர் பணத்தோடு கையை நீட்டினார். மாமாவின் வாய் பழக்கத்தில் "ஒண்ணா ரெண்டா?" என்றது. அக்காவின் கை நிற்கவில்லை. நான் பழக்கத்தில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வாளர் கையைத் தட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது நான்கு ஐம்பது. "எல்லாம் நல்லா இருக்குது. கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று விண்ணப்பத்தை நீட்டினார்.

எட்டாவது பத்தி

கையெழுத்துக்கு மேலே "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை" என்று இருந்தது. அதனால் ஒரு தடவை முழுதும் படித்தேன். எட்டாவது பத்தி: "தெருவில் உரிமம் இன்றி வியாபாரம் செய்ததுண்டா?" இரண்டு வாரம் முன்பு நான் "இல்லை" என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அது உண்மை.

"இல்லை"யை அடித்தேன். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். புதிதாக எழுதினேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆம், பதினொரு தோசை."

"இன்னா பதினொண்ணு?" என்றார் ஆய்வாளர்.

"வித்தது சார்."

"எப்போ?"

"இப்பதான். நீங்க கூண்டு பாத்துட்டு இருந்தப்ப."

அக்கா கரண்டியால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். குமரேசன் மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "பன்னெண்டு தம்பி. நான் தின்னத உட்டுட்டியே."

"நீங்க காசு குடுக்கலண்ணே. காசு வாங்காதது வியாபாரத்துல சேராது" என்றேன். பி.காம். படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அது.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "எழுதிட்ட. இனிமே நானும் எழுதித்தான் ஆவணும். மொத தடவ, ஐந்நூறு அபராதம். அதக் கட்டுனாதான் லைசென்ஸ். ஒம்போது நிமிஷம் இருக்குது. ஓடு."

இடத்துக்கான கட்டணம் என் கையில் இருந்தது. அபராதத்துக்கு, பதினொரு தோசைக்கு வந்த நானூற்று நாற்பதோடு, அக்கா முந்தானை முடிச்சிலிருந்து அறுபது எடுத்துக் கொடுத்தார். ஓடினேன். கவுன்ட்டர் மேடம் என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவ எத்தன லட்சம்?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே பணத்தை நீட்டினேன். ரசீதில் சீல் விழுந்தபோது நான்கு ஐம்பத்தெட்டு.

குழாய் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு அடுத்த இடம் குமரேசனுக்கு. பௌர்ணமிக்கு நாற்பது கிலோவும் தீர்ந்தது. தோசை தின்றவர்கள் பக்கத்தில் போய் ஜூஸ் குடித்தார்கள். "எழுதறப்போ நீ சத்தமா படிச்சது நல்லதாப் போச்சு" என்றார் குமரேசன்.

கையெழுத்துப் போட்டது நான் என்பதால் அபராத ரசீது என் பெயரில் இருக்கிறது. அதில் கோபுர முத்திரை இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, முத்திரை தெரியும். தெருவில் எல்லோரிடமும் காட்டிவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். என்ன ரசீது என்று நான் சொல்லத்தான் செய்தேன். "எதுவா இருந்தா இன்னா, ஆபீஸ்ல உம் பேர எழுதி வச்சிருக்காங்கல்ல" என்றார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அதிகாரி யாருக்காவது நேரம் சொல்வதற்கு முன், கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேளுங்கள்.

விண்ணப்பம் ஐம்பது. தொண்ணூறு சதுர அடிக்கு இரண்டு நாள் கட்டணம் ஆயிரத்து எண்ணூறு. அபராதம் ஐந்நூறு. எட்டு கிலோமீட்டர் கூடுதல் டீசலையும் கற்பூரத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.