முப்பது நோன்பும் பிடித்தவள்

மெஹர் பானு நன்றாகச் சாப்பிடுகிற பெண். மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டால் முதல் வாயிலேயே சொல்லிவிடுவாள். வாப்பா சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்தார். காரைக்கால் வீட்டில் உம்மா ஷரீபுன்னிசா, இரண்டு சாச்சிமார், இவள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் லாத்தா ஜொஹரா வட்டலப்பத்தை வழித்துத் தின்றுகொண்டே சொன்னாள்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. தம்பி கப்பல்ல கூட்டிட்டுப் போறப்ப இவளுக்கு மட்டும் ரெண்டு டிக்கெட்டா எடுக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மெஹர் பானுவும் சிரித்தாள். பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று முடிவாயிற்று.

அந்த வாரமே திங்களும் வியாழனும், கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கத் தொடங்கினாள். பிறகு மற்ற நாட்களிலும். நோன்பில்லாத நாளில் சஹன் தட்டைச் சுற்றி மற்றவர்களோடு உட்காருவாள். கறித்துண்டைச் சாச்சி பக்கம் தள்ளுவாள். விரல் சோற்றை அளையும், வாய்க்குப் போகாது. ஒரே தட்டில் நாலு கை புழங்கும்போது எந்தக் கை எவ்வளவு எடுத்தது என்று யார் பார்ப்பது? தனக்கென்று வைத்துக்கொள்ளாத பிள்ளை என்று பேர் வந்தது.

பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போனதற்கு அடுத்த ரமலானில், சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு கிடந்தாள். முடி சீப்போடு வந்தது. அப்படியும் இடுப்பைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, இன்னும் தடிப்புத்தான் என்பாள். நோன்பு முப்பதையும் விடாமல் பிடித்தாள்.

விலக்கான நாளில் பெண்ணுக்கு நோன்பு கிடையாது, விட்டதைப் பிறகுதான் களாவாகப் பிடிக்க வேண்டும். வயசுப்பெண் ஒருத்தி ஒன்றுகூட விடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? தெரு அதை அல்லாஹ் கொடுத்த தனிச் சலுகை என்றது. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளை ஓதி ஊதச் சொன்னார்கள்.

பெருநாள் காலையில் அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஷரீபுன்னிசா பெருமையோடுதான் சொன்னாள்: "முப்பதும் பிடிச்சவ, டாக்டரம்மா."

"எத்தனை மாசமா நின்னு போயிருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இது பக்தி இல்லை, மனசில் பிடித்து உடம்பைத் தின்கிற நோய் என்றார் டாக்டர். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் நெஞ்சுக்கே ஆபத்து. இங்கே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வீட்டுக்குப் போனால் தனித்தட்டு. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். திட்டவும் கூடாது, புகழவும் கூடாது, உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது. வருஷக்கணக்கில் ஆகலாம்.

பார்க்க வந்த ஜொஹரா, எலும்புக்கு நகை போட்டாற்போல இருக்கிறது, தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ரமலான் வந்தது. பள்ளிவாசல் ஆலிம்சா தெளிவாகவே சொல்லியிருந்தார்: "நோயாளிக்கு அல்லாஹ் விட்டுக்கொடுத்திருக்கான். இவ பிடிச்சாத்தான் குத்தம்." ஆனாலும் முப்பது பிடித்தவள் இப்போது பகலில் தின்கிறாளாம் என்று தெருவில் பேச்சு. போன வருஷம் பிள்ளைகளுக்கு ஓதி ஊதச் சொன்ன அதே வாய்கள்.

ஷரீபுன்னிசா கதவைச் சாத்திவிட்டுக் கிண்ணத்தில் கஞ்சி வைத்தாள். மெஹர் பானு கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"திங்காம இருந்தப்ப கதவு திறந்தே கெடந்துச்சு உம்மா. திங்கிறப்பத்தான் சாத்துறீங்க."

இரண்டு வாய் குடித்திருப்பாள். வாசலில் பக்கத்து வீட்டுக் கமர் நிஷாவின் குரல் கேட்டது. ஷரீபுன்னிசா சட்டென்று முந்தானையால் கிண்ணத்தை மூடினாள்.

கமர் நிஷா போனதும் முந்தானையை எடுத்தாள். கஞ்சி ஆறி ஆடை படிந்திருந்தது. மெஹர் பானு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.