சாப்பிட்டியாடி

கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேசைக் கணினியில் என் கணக்கைத் திறந்தேன். அடுத்த நொடி மீமிசல் கடை மொத்தமும் பிரவுசரின் மேல்பட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'கடல் அலை', 'ஆத்தா பென்ஷன்', 'கோவிச்சுக்கிற சைட்', 'சாயங்காலந்தான் தொறக்கும்' என்று வரிசையாகப் புக்மார்க்குகள். எல்லாம் அக்கா வைத்த பெயர்கள்.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. மீமிசல் கடைத்தெருவில் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவர். அவரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். தன் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மறந்துவிடுவார் என்பதால், கடைக் கணினி என் கணக்கில்தான் ஓடியது. எந்தப் பக்கத்தையும் அதன் சொந்தப் பெயரில் சேமிக்க அவருக்குப் பிடிக்காது. வருகிறவர்கள் கேட்கிற மாதிரி பெயர் வைத்தால்தான் கை தன்னால் போகும் என்பார்.

புதுக்கோட்டைக்கு வந்த பிறகும் பிரிந்ததாகவே தோன்றவில்லை. அவர் அங்கே ஒன்றைச் சேமித்தால் இங்கே என் திரையில் முளைக்கும். ஒரு மத்தியானம் 'சாப்பிட்டியாடி' என்ற பெயரில் வெற்றுப் பக்கம் ஒன்று வந்து நின்றது. நான் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை 'தயிர்சோறு' என்று மாற்றினேன். அதிலிருந்து தினமும் இதே விளையாட்டு. ஹாஸ்டலில் ஒண்டியாகக் கிடந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை அத்தனை தெம்பு.

ஒருநாள் கண்காணிப்பாளர் நாலு பேரோடு என் பின்னால் வந்து நின்றார். 'சாப்பிட்டியாடி' என்று உரக்கப் படித்தார். இது ஆபீஸா, சந்தைக்கடையா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவர்கள் நகர்ந்ததும் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன்.

அக்கா போன் செய்யவில்லை. மறுநாள் பார்த்தால், கடைக் கணினி என் கணக்கிலிருந்து விலகியிருந்தது. பொங்கலுக்குப் பேசலாம், சித்திரை பிறக்கட்டும் என்று தள்ளித் தள்ளி இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். ரோஷமெல்லாம் இல்லை, பயம்தான். இப்போது என் திரை துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருக்கிறது. மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கண் தானாக மேல்பட்டைக்குப் போகிறது. பாழாய்ப்போன மனசு ஏங்கித் தொலைக்கிறது.

போன மாதம் துணிந்து மீமிசலுக்குப் போனேன். அக்கா நாற்காலியைத் தள்ளிப் போட்டார், டீ சொல்லி அனுப்பினார். கடைக் கணினியில் பழைய பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்திருந்தார், ஒன்றைத் தவிர. தெரியாமல் அழித்துவிட்டேன், அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும் என்று நினைக்கவில்லை என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். அக்கா, அன்றைக்குக் கடலுக்குப் போகுமுன் அலை நிலவரம் பார்க்க வந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாத திரையின் முன் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தயிர்சோறுன்னு நீ அங்க மாத்துனா இங்க மாறும்னு தெரியும். அழிச்சா அழியும்னு தெரியாதாடி?"

டீ வந்தது. குடித்தோம். வெட்கப்பட்டுத்தான் அழித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வாரேங்க்கா" என்று எழுந்தேன்.

"சரிங்க, பாத்துப் போங்க" என்றார். அக்கா என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.