மேலே கேள்வி, கீழே பதில்

நான் படித்தது கொஞ்சம். இங்கிலீசு அதில் பாதி. பாதி என்றால் சரிபாதி. எனக்குக் கேள்வி மட்டும் தெரியும். பதில் என் மாமன் மகனுக்குத் தெரியும்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு தொழிற்பள்ளி இருந்தது. தச்சு வேலை சொல்லிக் கொடுப்பார்கள். தினம் ஒரு மணி நேரம் இங்கிலீசு. சென்னீர்குப்பத்திலிருந்து நானும் மாமன் மகனும் நடந்து போவோம். நைனா என்னைச் சேர்த்ததே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். இங்கிலீசு தெரிந்தால் ஆவடியில் வேலை உண்டு என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

யுத்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. பட்டாளத்துக்குச் சாமான் பெட்டி செய்து கொடுக்கும்படி பள்ளிக்கு உத்தரவு வந்தது. பெட்டிக்குப் பலகை வேண்டும். பலகைக்கு மரம் அறுக்க வேண்டும். தச்சு சொல்லிக் கொடுத்த மேஸ்திரி அந்த இங்கிலீசு மணி நேரத்தின் மேல் கண் வைத்தார்.

"ரம்பம் நிக்கக் கூடாது சார். இங்கிலீசு எங்க ஓடிடப் போவுது? சண்ட முடிஞ்சி சொல்லிக் குடுங்க."

இங்கிலீசு வாத்தியார் ஒல்லியான மனிதர். வாக்குவாதம் அவருக்கு வராது. "ரம்பம் நிற்க வேண்டாம். பாடமும் நிற்க வேண்டாம்" என்றார். மறுநாள் குடை பிடித்துக்கொண்டு அறுப்புக் குழிக்கே வந்துவிட்டார். வெயிலுக்கு அல்ல, மரத்தூளுக்கு.

பெரிய மரத்தைக் குழியின் மேல் குறுக்கே கிடத்துவார்கள். நீள ரம்பத்துக்கு இரண்டு ஆள். ஒருவன் மரத்தின் மேல் நிற்பான். ஒருவன் குழிக்குள் நிற்பான். மேலே இழுக்கிறவன் கேள்வி கேட்க வேண்டும், கீழே இழுக்கிறவன் பதில் சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று நான் ரம்பத்தைத் தூக்குவேன். மாமன் மகன் தன் பேரைச் சொல்லி இழுப்பான். அறுப்பது கீழிழுப்பில்தான். ஆக, மரத்தை அறுத்தது முழுக்கப் பதில்தான். கேள்வி சும்மா ரம்பத்தைத் தூக்கியது.

வாரம் ஒருமுறை இடம் மாறச் சொல்லியிருந்தார் வாத்தியார். மாமன் மகன் மாறவில்லை.

"நீ கீழ நின்னா ரம்பத்தோட நீயும் மேல போயிடுவே மச்சான். ஒடம்பு கீதா உனக்கு?"

எனக்கும் அது சௌகரியம். தூள் எல்லாம் அவன் வாயில்தான் விழும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒருமுறை துப்புவான். இங்கிலீசையே அப்படித்தான் பேச வேண்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

எல்லாக் குழியிலும் ஒரே நேரத்தில் பாடம் நடக்கும். பெங்களூர் ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். "டேய், மரம் இங்கிலீசு பேசுதுடா" என்று ஒருவன் கத்தினான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் பள்ளியைச் சோதிக்க வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வரப்போகிறார் என்று சேதி வந்தது. பையன்களுக்கு இங்கிலீசு வந்திருந்தால் அந்த மணி நேரம் இருக்கும். இல்லையென்றால் அது மேஸ்திரிக்கு. வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நைனா ஒரே வார்த்தையில் முடித்தார். "இங்கிலீசு இல்லன்னா உனக்கு இஸ்கூல் எதுக்கு? ஏர் கீது, ஓட்டு."

துரை வந்த அன்று எங்களைத் துவைத்த சட்டையோடு வகுப்பில் நிறுத்தினார்கள். வாத்தியார் விவரமானவர். குழிக்குள் நிற்கிறவர்களை முன்வரிசையில் வைத்தார். மேலே நிற்கிறவர்களைப் பின்னால் ஒளித்தார். துரையும் விவரமானவர். நேரே பின்வரிசைக்கு வந்தார். என்னைக் காட்டினார்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

அது என் கேள்வி. அவர் கேட்டுவிட்டார். அதற்கு அடுத்தது எதுவோ அதுதான் என் வாயில் வந்தது.

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

துரை புருவத்தைத் தூக்கினார். வாசலில் நின்ற மேஸ்திரி மீசையைத் தடவினார். எனக்கு ஏர் கண்ணில் தெரிந்தது. வாத்தியார் ஓடிவந்து துரையிடம் ஏதோ சொன்னார். கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். துரை சிரிக்க ஆரம்பித்தார். குழியைப் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தால் போதாதாம். கோட்டைக் கழற்றி வாத்தியாரிடம் கொடுத்தார். தொப்பியோடு குழிக்குள் இறங்கினார். மாமன் மகன் அவருக்கு இடம் விட்டு மேலேறிக் கரையில் நின்றான்.

நான் ரம்பத்தைத் தூக்கினேன். பேர் கேட்டேன். துரை சொல்லி இழுத்தார். வயசு கேட்டேன். சொல்லி இழுத்தார். வீடு எங்கே என்றேன். என்னவோ ஒரு ஊர், நீளமான பேர். அதையும் சொல்லி இழுத்தார். தொப்பி மேல் தூள் கொட்டியது. அவரும் துப்பினார். பையன்கள் கை தட்டிக் குதித்தார்கள்.

அடுத்த கேள்வி. "இஸ் யுவர் மதர் வெல்?" உன் தாயார் சுகமா என்று அர்த்தம்.

ரம்பம் கீழே போகவில்லை.

நான் தூக்கியபடி நின்றேன். துரை கைப்பிடியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். கை தட்டல் அடங்கிவிட்டது.

மாமன் மகனுக்குப் பொறுக்கவில்லை. ரம்பம் நிற்கக் கூடாது என்பது சட்டம். கரையிலிருந்து குழிக்குள் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"யெஸ் சார்! ஷீ இஸ் வெரி வெல்! தேங்க் யூ!"

துரை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். மெதுவாகச் சொன்னார். ரம்பத்தை இழுத்தார். அன்றைக்கு அதுதான் நீளமான இழுப்பு.

மேலே வந்ததும் மாமன் மகன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. இங்கிலீசு மணி நேரம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேஸ்திரி எங்களுக்குப் பொரி வாங்கிக் கொடுத்தார்.

"எம்புள்ள தொரையையே கேள்வி கேட்டுட்டான்" என்று நைனா பூந்தமல்லிச் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏர் கொட்டகையிலேயே கிடந்தது.

ராத்திரி மாமன் மகனிடம் கேட்டேன். "தொர ஏண்டா நிறுத்திட்டாரு?"

"கை வலிச்சிருக்கும் மச்சான். கீழ நின்னு பாத்தாத்தான் உனக்குத் தெரியும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஆவடியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தபாலுக்காக நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததைப் பார்த்தேன். அவர்கள் ஊரில் வீடுகள் மேல் குண்டு விழுகிறது என்றார்கள். கப்பல் வந்தால்தான் சேதி என்றார்கள். கப்பல் மாதக்கணக்கில் வராது. குழிக்குள் தலை குனிந்து நின்ற துரை ஞாபகத்துக்கு வந்தார்.

கேள்வி மட்டும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.