புஷ்பத்துக்காகச் செய்த ஊர்

என் மனைவிக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சிநேகிதி. அவளை என் மனைவியிடமிருந்து பறித்தவன் நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே போய்விடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தவராகக்கூட இருக்கலாம். ரயில் பார்க்க எத்தனையோ பேர் வந்துபோனார்கள். முன்னறையில் ஒரு பலகை மேசை. அதன் மேல் சின்னதாக ஒரு ஊர். ஊரைச் சுற்றி ஓடும் பேட்டரி ரயில். கண் தெரியாத மனைவி விரலால் தடவிப் பார்ப்பதற்காகப் புருஷன் தன் கையால் செய்தது... பார்த்ததும் உங்கள் நெஞ்சு இளகியிருக்கும். கொடுத்து வைத்தவள் என்று புஷ்பத்திடம் சொல்லியிருப்பீர்கள். அவளும் சிரித்திருப்பாள்.

அந்தச் சிரிப்பை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டு நின்றேன்!

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தக்கலையில் ஒரு மரப்பட்டறையில் கட்டில், பீரோ செய்கிற வேலை. எதற்கும் பயப்படுகிற ஆள். கேஸை அடைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பி வீட்டுக்கு வருவேன். காற்று வீசினால் பக்கத்து வீட்டுப் புரையிடத்துத் தென்னை எங்கள் ஓட்டின் மேல் சாயுமோ என்று ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கிடப்பேன். புஷ்பத்துக்குச் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கி, பார்வை மங்கி மங்கி ஒருநாள் முழுதாகப் போனபோது, என்னுடைய அத்தனை பயமும் ஒன்றுசேர்ந்து அவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் அழுதது கொஞ்ச நாள்தான். பிறகு ஒரு கம்பு வாங்கித் தரச் சொன்னாள்.

“தங்கத்துக்க கடை வரதானே. பைய தடவித் தடவிப் போயிருவேன்.”

தங்கம் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ரயில்வே கேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் அவளுடைய தையல் கடை. ஓட்டுக் கூரை, ஒற்றைக் கதவு, உள்ளே ஒரு மெஷின், இரண்டு முக்காலி. புஷ்பத்தின் ஜாக்கெட்டெல்லாம் அங்கே தைத்ததுதான். பார்வை இருந்த காலத்தில் புஷ்பம் சாயங்காலமானால் அங்கே போய்விடுவாள். இருவரும் என்ன பேசுவார்களோ தெரியாது. வீட்டுக்கு வரும்போது அவள் முகம் கழுவி வைத்ததுபோல் இருக்கும்.

வழியில் தண்டவாளம் இருக்கிறது. லாரி வருகிறது. ஓடை இருக்கிறது. நான் கம்பு வாங்கவில்லை.

ரயில் செய்தேன்.

காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டால் அவள் ஊருக்குப் போகக் கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அன்பு இல்லையா என்று கேட்டால்... இருந்தது. ஆனால் பயத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

என் மச்சினன் வளைகுடாவிலிருந்து தன் பிள்ளைக்கென்று கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப்போன பொம்மை ரயில் பரணில் கிடந்தது. பட்டறையில் மிஞ்சிய பலகைத் துண்டுகள் இருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மேசைக்கு அடியில் போகும்படி, கையை நீட்டினால் கடைசி மூலை எட்டும்படி அளவு வைத்தேன். குத்தக்கூடிய இடங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வீடுகளை ஆணி அறைந்து, பசை வைத்து உறுதியாக நிறுத்தினேன். கை பட்டால் சாயக்கூடாது. தெருவை உளியால் விரல் அகலத்துக்குக் குழித்தேன். விரலை வைத்தால் தெரு தானாகவே அவளைக் கூட்டிக்கொண்டு போகும். ரயிலை நிறுத்தவும் ஓட்டவும் காலிங்பெல் சுவிட்ச்.

கட்டடங்களை அவள்தான் கேட்டுக் கேட்டுச் செய்யவைத்தாள். கோயிலும் சர்ச்சும் அவள் கேட்கவில்லை. கேட்டது தங்கத்தின் தையல் கடை, ரயில்வே கேட்கீப்பரின் கூண்டு வீடு, எண்ணெய் மில், முடிவெட்டுக் கடை, போன் பேசப் போகிற எஸ்டிடி பூத், ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற புகைப்புரை. ஜன்னல் கம்பிக்கு உடைந்த சீப்பின் பற்களை வைத்தேன். புகைப்புரைக்குள் உண்மையான ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை ஒட்டினேன். அவள் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “கொள்ளாம்” என்று மெச்சினாள். எங்கள் அய்யா வழிக்காரர்கள் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிடுகிற இடம் நிழல்தாங்கல்; அதற்குள் ஒரு கண்ணாடிச் சில்லு வைத்தேன். அதன் வழவழப்பை அவள் விரல் கண்டுபிடித்ததும் அந்தக் கையை எடுத்துக் கும்பிட்டாள்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதே உண்மையான ஊரை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தண்டவாளம் வருகிறது. அதற்காகப் பாதையின் இருபக்கமும் இடம் எடுத்தார்கள். முதலில் எண்ணெய் மில் போனது. நான் புஷ்பத்திடம் உள்ளதைச் சொன்னேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மேசையில் மில்லின் கூரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “நான் பாக்காம போச்சே” என்று ஒருதரம் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லுக்கே நான் கலங்கிப்போனேன். அதற்குப் பிறகு இடிந்த எதையும் அவளிடம் சொல்லவில்லை.

முடிவெட்டுக் கடை போனது. சொல்லவில்லை. பூத் போனது. கேட்டை மூடி, கூண்டு வீட்டை இடித்து, குறுக்கே இரும்பு வேலி போட்டார்கள். அந்தப் பக்கம் போக வெகுதூரம் தள்ளி, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு பாலம் வந்தது. சொல்லவில்லை! ஜேசிபி சத்தத்தைக் கேட்டு அவள் விசாரித்தால், ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்றேன். ரயில் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, இடித்த கதை எதையும் எடுக்க வேண்டாம், அவள் உடம்புக்கு ஆகாது என்று கேட்டுக்கொண்டேன். அவர்களும் என்னைப் புண்ணியவானைப் போலப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

தங்கம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். புஷ்பத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு மேசையில் வழி நடப்பாள். தையல் கடை வந்ததும், “வா ஏட்டி, இரி” என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். போகும்போது வாசலில் நின்று என்னைத் திட்டுவாள். கண் தெரியாதவளிடம் இல்லாத ஊரைக் காட்டுவது பாவம் என்பாள். ஆனாலும் எனக்காக வாயை மூடிக்கொண்டாள்... அவளுடைய கடைக்கும் நாள் குறிக்கும் வரை.

அன்றைக்கு ஒரு மத்தியானம். புஷ்பம் உள்ளே உறங்கவில்லை. ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் வாசல் பேச்சு அவளுக்குக் கேட்காது. தங்கம் நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு பையோடு படியேறி வந்தாள். கடை மறுநாள் இடிபடுகிறது. அவள் குலசேகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போகிறாள்.

“எனக்க கடைய பத்தி நானே அவகிட்ட சொல்லிட்டுப் போறேன் அண்ணே. நீங்க அதுல தலையிடாதீங்க” என்றாள்.

ஒன்றைச் சொன்னால் எல்லாம் வெளியே வரும். மில்லுக்குப் பிறகு போன அத்தனையும் வரும். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“அவளுக்கு ஆரையும் பாக்கப் பிடிக்கல்ல தங்கம். ஒன்னயும்தான். ஒன்ன உள்ள விடாண்டாம்னு சொல்லிட்டா.”

உள்ளே ரயில் ஓடும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. தங்கம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “அவளா சொன்னா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தேன். பிறகு அவள் படியிறங்கிப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நான் வழிவிட்டிருப்பேனோ என்னவோ... அவள் போடவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே போன். அது என் சட்டைப்பையில். தங்கம் கூப்பிடவும் இல்லை.

புஷ்பம் ஞாயிறுதோறும் காத்திருந்தாள். தங்கத்துக்கு முட்டுவலி என்றேன். கல்யாணச் சீசன், தையல் நிறைய என்றேன். விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்றேன்! அந்தப் பொய்யைக் கேட்டுப் புஷ்பத்தின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சாப்பிட்டேன். உறங்கினேன். நீங்களானால் என்ன செய்திருப்பீர்கள்? கேட்கத் தோன்றுகிறது. கேட்க எனக்கு வாயில்லை.

ஒருநாள் நான் பட்டறையில் இருந்தபோது ஒரு ஆட்டோக்காரர் போன் செய்தார். உங்கள் வீட்டம்மா வேலிக்குப் பக்கத்தில் இருக்கிறார், வந்து கூட்டிப் போங்கள் என்றார்.

முட்டுவலிக்காரியை நாம்தானே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் கிளம்பியிருக்கிறாள். குடையைக் கம்பாகப் பிடித்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாள். நான் குழித்த தெரு அவள் விரலில் இருந்தது. கிணற்றடியில் வளைவு, தாங்கல், பிறகு சரிவு, பிறகு கேட்... ஒரு இடத்திலும் தவறாமல் போயிருக்கிறாள். விழவில்லை. நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை! வேலிதான் நெஞ்சில் இடித்திருக்கிறது.

நான் போனபோது செம்மண் குவியலின் மேல் இருந்தாள். ஒரு கை வேலிக் கம்பியில். அங்கே நின்றவர்கள் அதற்குள் தங்கம் ஊரை விட்டுப் போனது வரை எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவள் என் செருப்புச் சத்தத்தை அறிந்து முகத்தைத் திருப்பினாள்.

“நீங்க செஞ்சு வச்ச கேட்டு இஞ்சதானே?”

வீட்டுக்கு வந்ததும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டடமாகத் தொட்டாள். இது இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். இது? இல்லை. புகைப்புரை? அதுவும் இல்லை. தாங்கல் மட்டும் இருக்கிறது என்றேன். அவள் விரல் கடைசியாகத் தையல் கடையில் வந்து நின்றது. அது இல்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வேறொன்று கேட்டாள்.

“போகும்ப தங்கம் இஞ்ச வந்தாளா?”

அப்போது சொல்லியிருக்கலாம். எல்லாம் உடைந்து கிடந்த நேரம். இதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். பார்வை போனவளுக்கு என் சொல்தான் கண். அந்தக் கண்ணிலும் இனி அவளுக்கு நம்பிக்கை இருக்காதே என்று பயந்தேன். மறுபடியும் பயம்!

“வரல்ல” என்றேன்.

அவள் விரலைக் கடையிலிருந்து எடுத்தாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பயந்தாங்கொள்ளி. நான் விழுந்திருவேன்னு பயந்திய. அது எனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லாம போக அவளுக்கு என்ன வந்து?”

என்னை மன்னித்துவிட்டாள். தங்கத்தை மன்னிக்கவில்லை. இதைவிடப் பெரிய தண்டனை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் அந்தக் கடையை எடுத்துவிடச் சொன்னாள். மற்றதெல்லாம் நிற்கட்டும், அது வேண்டாம் என்றாள். சாயாமல் இருக்க வேண்டும் என்று நான் அறைந்த ஆணியல்லவா... லேசில் வரவில்லை. உளி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் தோள் அசைந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் தாங்கலில் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பக்தி என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் தங்கத்தைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவள் பார்த்துவிட்டாள். இளைத்திருந்தாள். பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு ஜாக்கெட். என்றைக்காவது யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று தைத்து, பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். பின்னால் கொக்கி மாட்டச் சிரமமாக இருக்கும் என்று முன்பக்கம் பெரிய பட்டனாக வைத்திருக்கிறாள். தடவினால் தெரியுமாம்.

“நான் தந்தேன்னு சொல்லாண்டாம். என்னப் பிடிக்காம போட்டுக்கிட மாட்டா. கடையில வாங்கினேன்னு சொல்லி குடுங்க அண்ணே” என்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன். குலசேகரம் பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நகரும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் கம்பியை ஒருதரம் தட்டி நிறுத்தியிருந்தால் போதும்...

கடையில் வாங்கினேன் என்றே புஷ்பத்திடம் கொடுத்தேன். அவள் மடியில் போட்டு உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். கக்கத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தையலின் மேலேயே விரலைக் கொண்டு போனாள். மெதுவாக, மேசையில் தெருவில் போகிறதுபோல. மறுபக்கத் தையலிலும் போனாள். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அளந்து தைத்ததுபோல இருந்தது.

“எப்படி இருக்கு?”

நல்லா இருக்கிறது என்றேன்.

அவள் போகவில்லை. பட்டனை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

“வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியா?”

“இல்ல” என்றேன்.