நியூட்ரினோ கடை

நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற தேங்காயெண்ணெய் வாசனையும், ஈரத் துண்டுகளின் புழுக்க வாடையும், பக்கத்துக் கடையில் பிளந்து வைத்த பலாப்பழ மணமும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறினால் குற்றாலத்தில் 'சீசன்' என்று அர்த்தம். நான் எட்டாம் வகுப்பு படித்த வருடத்து ஆனியில் எண்ணெய் மட்டும்தான் மணத்தது. சாரல் வரவில்லை. மெயின் அருவியே தெருக்குழாய் போலத்தான் ஒழுகியது. அப்பா கொப்பரைக்குக் கீழே தீயைக் குறைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாரல் பொய்த்தால் திட்டுவதற்கு யாராவது வேண்டுமே, அந்த வருடம் நியூட்ரினோ மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளைப் பிடிக்கத் தேனிப் பக்கம் மலையைக் குடைந்து உள்ளே ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று டிவியில் சொன்னதும், அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிற எங்கள் பஜார், அங்கே துளை போட்டதால்தான் இங்கே தண்ணீர் உள்வாங்கிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டது. அங்கே இன்னும் ஒரு கடப்பாரைகூட விழவில்லை. மலையைப் பற்றிக் கேட்க நியாயமான கேள்விகள் இருந்தன. எங்கள் ஆட்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு 'அணுகுண்டு' என்றார்கள்.

எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு சீசனுக்குக் கடையில் உதவிக்கு நின்ற என் அக்கா உமாவுக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பயந்துபோயிருந்த பழக்கடை அத்தையைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னாள்.

"பயப்படாதீங்க அத்தை. அது சூரியன்ல இருந்து வருத சாமான்தான். இப்பவே ஒங்க உடம்புக்குள்ள கோடிக்கணக்குல போய்க்கிட்டுத்தான் இருக்கு."

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பலாப்பழத்தை அப்படியே மூடிப்போட்டுவிட்டு, ஸ்கேன் எடுக்கத் தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் பஜார் முழுக்க ஒரே பேச்சு: "படிச்ச பிள்ள உமாவே சொல்லிட்டா, நம்ம உடம்புக்குள்ள ஏத்திட்டாங்களாம்லா."

பட்டப்பெயர் வைத்துவிட்டால் ரேஷன் கார்டுப் பெயரே மறந்துபோகிற ஊர் எங்களுடையது. எங்கள் கடை 'நியூட்ரினோ கடை' ஆனது. சிப்ஸில் அதைக் கலக்கவில்லையே அண்ணாச்சி என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த கடையில் போய் வாங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், அதே ஆராய்ச்சிக் குழுவில் அக்காவுக்கு இடம் கிடைத்திருப்பதாக போன் வந்தது. கடையிலேயே, ஆட்கள் நிற்கும்போதே, நியூட்ரினோவைப் பிடித்து அளந்து பார்க்கிற வேலை என்று அப்பாவிடம் சொன்னாள்.

"அளந்து பாத்து?" என்றார் அப்பா.

"அது என்னன்னு தெரிஞ்சுக்கலாம்ப்பா."

"தெரிஞ்சு?"

"அருவியில தண்ணி விழுததப் பாக்க எங்கெங்க இருந்தோ வாறாங்க. அதனால என்ன பிரயோசனம்னு யாராச்சும் கேக்காங்களா?"

"ஏட்டி, எனக்கு ஏவாரம் நடக்குல்லா."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். அவர்கள் போன பிறகு அப்பா கொப்பரையைப் பார்த்தபடியே சொன்னார், "நீ அங்கன போய்ச் சேந்துட்டன்னா நான் இங்கன அடுப்பு பத்த வைக்க முடியாது, பாத்துக்கோ."

அக்கா போகவில்லை. ஆடி பாதியில் சாரல் வந்தது, அருவி கொட்டியது, சிப்ஸ் விற்றது. பஜாரில் யாரும் நியூட்ரினோவைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அக்காவை பி.எட்.டில் சேர்த்தார்கள்.

அந்த ஆராய்ச்சிக்கூடம் இன்றுவரை எழும்பவில்லை. அக்கா செங்கோட்டையில் வாக்கப்பட்டு, நுழைவுத்தேர்வு கோச்சிங்கில் பிசிக்ஸ் ஷார்ட்கட் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் உடைத்த மலை லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறது. இதனால் சாரல் நிற்கும் என்று எங்கள் பஜாரில் ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. எங்கள் கடைக்கு மாடி எழும்பியதும் அதே மலையை அரைத்த மணலில்தான்.

போன சீசனில், மதுரையிலிருந்து வந்த காலேஜ் பையன்கள் பழைய கதை ஏதோ கேள்விப்பட்டுக் கடை முன்னால் நின்று, நியூட்ரினோ கடை இதுதானா, அந்த அக்கா இருக்காங்களா என்று ஆசையாகக் கேட்டார்கள். இரண்டு நாள் லீவில் தன் பிள்ளைகளோடு வந்திருந்த அக்கா, உள்ளே சிப்ஸ் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படி யாரும் இங்கன இல்ல தம்பி" என்றார் அப்பா.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பாக்கெட்டை எடுத்தாள்.