அண்ணைக்கு ஓடாத கார்

என்னுடைய கார் எத்தனை தடவை ஸ்டார்ட் ஆகாமல் நின்றது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஐந்து மாதத்தில் ஒன்பது தடவை. பத்தாவது ஒன்றும் உண்டு. அது நானாக வைத்த சோதனை, கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஒன்பதில் எட்டை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பெரிய பொய்யாகாது. ஒன்பதாவதை நினைத்தால் இந்த வயதிலும் சோறு இறங்குவதில்லை.

மலாயாவில் புகையிரதப் பகுதியில் இருபத்தேழு வருடம் கிளாக்கராக இருந்து, பென்சனோடு உரும்பிராய்க்குத் திரும்பியவன் நான். எங்கள் ஒழுங்கையில், இரண்டு பக்கமும் வேலியடைத்த அந்தச் சின்னத் தெருவில், முதல் கார் என்னுடையதுதான். பழைய கார், எனக்கு முன் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். றைவர் குருநகர்க் கத்தோலிக்கர். நாற்பத்திரண்டு வயது, முன்பு லொறி ஓடியவர். நெற்றியில் சிலுவை போடாமல், எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டிலைத் தொடமாட்டார். அவரை நான் நம்பினேன். மனைவியை நம்பினேனா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஊரில் ஒரு கார் இருந்தால் அது ஊருக்கே கார். வருத்தம், பிள்ளைப்பேறு, செத்தவீடு என்று வாசற்படலையில் வந்து நிற்பவரிடம் 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் எங்கள் பகுதியில் இல்லை. நாளைக்கு உன் வீட்டுப் பாடைக்கு யார் தோள் கொடுப்பது? அதனால் நானும் ஒருபோதும் இல்லை என்றதில்லை. கார் திரும்பி வந்த பிறகு மைலை எண்ணுவேன், நான்கு சில்லையும் குனிந்து பார்ப்பேன், சாப்பிட உட்கார்ந்ததும் "இந்த ஊர் என்ரை காரைத் தின்னுது" என்று புறுபுறுப்பேன். எல்லாவற்றையும் எண்ணிய நான், அப்படி எத்தனை தடவை சொன்னேன் என்பதை மட்டும் எண்ணவில்லை. அதை எண்ணியவள் வேறு ஒருத்தி.

ஒரு சித்திரை மாதக் காலையில், பின் ஒழுங்கைப் பெண்ணொருத்தியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, கோண்டாவிலைத் தாண்டும் முன்பே பின்சீற்றில் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். ஊர் சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் 'மோட்டார்' என்றுதான் பட்டம். என் மனைவி சிரிக்கவில்லை. காருக்குத் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு என்றாள். சீற்றைக் கழற்றி வெயிலில் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அப்படியும் மனம் ஆறாமல், முப்பத்தொரு நாள் கோயிலுக்கு நடந்தே போனாள்.

அதிலிருந்து எட்டாம் நாள் கார் முதல் தடவையாக நின்றது. பக்கத்து வளவுக் கிழவருக்கு மூச்சு முட்டு. மகன் ஓடி வந்தான். றைவர் ஹாண்டிலைச் சுழற்றினார், நாற்பது சுற்று எண்ணினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நான் ஒழுங்காகப் பார்த்தேன். லாம்பு பளிச்சென்று எரிந்தது, ஹோர்ண் சத்தமிட்டது. ஆகவே பற்றரி பழுதில்லை. பெற்றோல் காபரேற்றர் வரை வந்திருந்தது. பிளக் ஒன்றைக் கழற்றி எஞ்சினில் தொட வைத்துச் சுழற்றச் சொன்னேன். பொறி இல்லை.

"நெருப்பு வருகுதில்லை, ஐயா," என்றார் றைவர், நிலத்தைப் பார்த்தபடி.

கிழவரை மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து அதே கார் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது.

அதன்பிறகு பதினாலு பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதே கூத்து. கண்ணூறு என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். "பென்சன்காரர் காருக்கும் பென்சன் குடுத்திட்டார் போலை," என்று சந்திக் கடையில் ஒருவன் சொன்னது என் காதுக்கே வந்தது. யாழ்ப்பாணத்துக் கராச்சிலிருந்து மெக்கானிக்கை மூன்று தடவை வரவழைத்தேன். மூன்று தடவையும் அவர் கை வைத்த உடனே கார் பிடித்தது.

"ஐயா, காருக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றார் அவர். "உங்களுக்குத்தான் நெஞ்சிடி. பரியாரியாரைப் பாருங்கோ."

ஆனாலும் வயர்களை மாற்றினார், பிளக் நான்கையும் மாற்றினார். மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

இனி அந்த ஒன்பதாவது.

எனக்குக் கூடப்பிறந்தவர் ஒரேயொரு அண்ணை. மூன்று வளவு தள்ளி வீடு. நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டம். ஒரு வேலிக் கதியாலை நகர்த்தி நட்ட விடயத்தில் ஏழு மாதம் நாங்கள் கதைக்காமல் இருந்தோம். நான் முதலில் போய்க் கதைத்து, அவரும் கதைக்கத் தொடங்கி, நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கதைபேச்சு இனி அறுந்துவிடக் கூடாது என்ற ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது.

ஆவணி மாதம், பிற்பகல் மூன்று பத்து. அண்ணை தன் மனைவியை, என் மச்சாளை, இரு கையிலும் ஏந்திக்கொண்டு படலைக்குள் ஓடி வந்தார்.

"தம்பி, காரை எடு! மச்சாளைப் புடையன் பாம்பு கொத்திப்போட்டுது!"

றைவர் சுழற்றினார். பிடிக்கவில்லை. அவர் முகம் சாம்பல் நிறமாக மாறியது. பொனெற்றைத் திறந்து, பிளக்குகளுக்கு வயர்கள் போகும் ஒரு கறுத்த மூடியில் கையை வைத்தார். பழகியவர்கள் அல்லாமல் அந்த மூடியைத் திறக்கக்கூடாது என்று காருடன் வந்த புத்தகத்தில் இருக்கிறது. "உதைத் தொடாதையும்! பிளக்கைப் பாரும்!" என்று கத்தினேன். அவர் மூன்று தடவை அதில் கை வைத்தார். மூன்று தடவையும் நான்தான் அவர் கையைத் தட்டிவிட்டேன். வாசலில் என் மனைவி நின்று, "கெதியாப் பாரும், கெதியாப் பாரும்!" என்று றைவரைப் பார்த்து அழுதாள். அவள் எதைச் சொன்னாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அறுபது சுற்று. அதற்குள் யாரோ வண்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அண்ணை மச்சாளைத் தூக்கி வைக்கோலில் கிடத்தினார்.

"அண்ணை, இன்னும் ரண்டு நிமிசம், நெருப்பு வந்திடும்..."

"விடு தம்பி. உன்ரை காருக்கு ஆளைத் தெரியும்."

நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். ஐந்தரை மைல். கார் என்றால் இருபது நிமிடம். வண்டிக்கு ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஆனது. அண்ணை ஒரு தடவையும் என் பக்கம் திரும்பவில்லை. மச்சாள் பிழைத்தாள். வலது கால் கணுக்காலுக்குக் கீழே சூம்பிப் போனது. அதன் பிறகு ஊன்றுபொல்லு இல்லாமல் நடந்ததில்லை.

மூன்றாம் நாள் என் பயணக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புகையிரதப் பகுதியில் பழகிய பழக்கம்: போன நேரம், வந்த நேரம், யார் கேட்டது, எப்போது கேட்டது எல்லாம் எழுதி வைப்பேன். வெயிலோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. மழையோடும் பொருந்தவில்லை. எஞ்சின் சூட்டோடும் பொருந்தவில்லை. பிறகு 'எப்போது கேட்டது' என்ற நிரலைப் பார்த்தேன். காரில் பிள்ளை பிறந்த நாளுக்குப் பிறகு, முதல்நாளே வீட்டில் சொல்லி வைத்த பயணங்கள் அறுபத்தொன்று. ஒன்றில்கூடக் கார் நிற்கவில்லை. மெக்கானிக் வருவதும் முதல்நாள் தெரிந்த விடயந்தான். திடீரென்று வந்து கேட்ட பயணங்கள் பதின்மூன்று, ஒன்பதில் நின்றது. ஓடிய நான்கில் மூன்று என் மனைவியின் இனசனத்துக்கு. மற்றது, நாங்கள் வெளியே போய் வந்து காரைப் படலைக்குள் விட்ட அதே நிமிடத்தில் ஒருவர் வந்து கேட்டது.

இரும்புக்கு இனசனம் தெரியாது. முதல்நாள் சொல்லிவிட்டதா இல்லையா என்பதும் தெரியாது. கொப்பியை மூடினேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, மனைவி கிணற்றடியில் நிற்கும்போது, றைவரைக் கூப்பிட்டேன். "தபாற்கந்தோருக்குப் போகவேணும். இப்பவே."

கார் பிடிக்கவில்லை. "தள்ளி நில்லும்," என்று சொல்லிவிட்டு நானே அந்தக் கறுத்த மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு சின்ன உலோகப் பல்லுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகவேண்டும். அப்போதுதான் பொறி பிறக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், கத்தரிக்கோலால் நேராக வெட்டிய ஒரு பனையோலை நறுக்கு, சுண்டுவிரல் நகத்தளவு, செருகியிருந்தது. அதைவிட நல்ல தடுப்பு உலகத்தில் கிடையாது.

றைவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் சொன்னது?"

"அம்மா."

"எப்ப வைக்கிறனீர்?"

"கார் வீட்டை வந்த உடனை வைக்கிறது. பயணமெண்டு அம்மா சொன்னால் எடுக்கிறது. ஆருக்கும் மனம் நோகாது எண்டு அம்மா சொன்னவ. அண்டைக்கு எடுக்கத்தான் பாத்தனான், ஐயா. நீங்கள் விடேல்லை."

நான் ஓலை நறுக்கை வெளியே எடுத்தேன். அவரே தொடர்ந்தார். "வண்டி போன பிறகு ஓலையை எடுத்திட்டன். பின்னாலை காரைக் கொண்டு வரப் பாத்தன். அம்மாதான் படலையை மறிச்சவ. இப்ப ஓடினால் ஊருக்கு எல்லாம் விளங்கிப் போகும் எண்டு."

அவரை அன்றே வேலையிலிருந்து நிற்பாட்டினேன். நான் உள்ளே போனபோது மனைவி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஓலை நறுக்கை அவள் முன் வைத்தேன். அதைப் பார்த்தாள், ஒளிக்கவில்லை.

"உங்களாலை இல்லையெண்டு சொல்ல ஏலாது," என்றாள். "ஊரெல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டு, சோத்துக்கு முன்னாலை இருந்து என்னட்டை அழுவியள். அதுதான் உங்களுக்காக நான் இல்லையெண்டு சொன்னனான்."

"அண்ணைக்குமோ?"

"அண்டைக்குப் பாம்பு வருமெண்டு நான் கண்டனானே?"

"பேந்து ஏன் படலையை மறிச்சனீர்?"

துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள். "வெக்கத்திலை," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் அவள் பரிமாறிய சோற்றை நான் பேசாமல் சாப்பிட்டேன்.

ஆனால் அண்ணையிடம் போகவேண்டும். ஐந்து நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் வீட்டுப் பெண் ஊர் வாயில் விழுவாள். இரண்டு குடும்பமும் இனி ஒரு பந்தியில் இருக்காது. சொல்லாவிட்டால் அண்ணை என்னைச் சந்தேகிப்பார். நடுவழியாக ஒன்றைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் தோட்டத்தில் குலை தள்ளிய வாழை ஒன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, காரின்ரை பிழையைக் கண்டுபிடிச்சிட்டன்."

"என்ன பிழையாம்?"

"உள்ளுக்கை ஒரு வயர் விட்டுப்போய்க் கிடந்தது. வெளியாலை பாத்தால் தெரியாது."

"வயரோ?"

"ஓம். சின்ன வயர்."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "எத்தினை நாளாக் கிடந்ததாம்?"

"அஞ்சு மாசம்."

"உன்ரை றைவர் முந்தநாள் ஆசுப்பத்திரிக்கு வந்தவன்," என்றார் அண்ணை, வாழையைப் பார்த்தபடியே. "மச்சாளின்ரை கட்டிலடியிலை முழங்காலிலை நிண்டு அழுதவன். ஓலையெண்டான். ஐயாவுக்கு ஒண்டும் தெரியாது எண்டும் சொன்னவன். அதைக் கேட்டு எனக்குப் பாதி ஆறிப்போச்சு. தம்பி வருவான், தானே சொல்லுவான் எண்டு இருந்தனான்."

"அண்ணை..."

"வயரெண்டு சொல்லிப்போட்டாய். சரி. போயிட்டு வா."

நான் சொன்ன பொய் என் மனைவிக்காகச் சொன்னது. அதை அண்ணை ஒருநாளும் கணக்கில் எடுக்கவில்லை. என்னை ஏமாற்றியவர்கள் மனைவியும் றைவருமாக இரண்டு பேர் என்று இதைக் கேட்பவர்கள் சொல்வார்கள். நான் மூன்று என்பேன். ஓலை என்று தெரிந்துகொண்டே 'என்ன பிழையாம்' என்று கேட்டு, என்னைப் பொய்க்குள் இறங்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது எந்த நியாயம்? அவர் முதலில் 'எனக்குத் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். இதை நான் எனக்குள்ளே எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் வெல்கிறேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மார்கழி மாதம் பதினொரு மணியளவில், அண்ணை தோட்டத்தில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்போது காரை நானேதான் ஓடினேன். அரைச் சுற்றில் பிடித்தது. பின்சீற்றில் தலையணை போட்டு, ஒழுங்கைவழியே அண்ணை வீட்டுப் பக்கம் கொண்டு போனேன். எதிரே மாட்டு வண்டி வந்தது. வைக்கோலில் அண்ணை, அவர் தலை மச்சாளின் மடியில்.

"மச்சாள், காரிலை ஏத்துவம். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் நிக்குது."

அண்ணைக்குப் பேச்சில்லை. ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது, பிறகு மச்சாளைப் பார்த்தது.

"வண்டி காணும், தம்பி," என்றாள் மச்சாள். குரலில் கோபம் இல்லை. "வழியை மட்டும் விடுங்கோ."

ஒழுங்கை ஒடுக்கம். கார் நடுவில் நின்றால் வண்டி போக இடமில்லை. நான் ஏறி, காரைப் பின்னால் எடுத்து, வேலியோடு ஒட்டி நிறுத்தி வழி விட்டேன்.